வலப்பனையில இருக்கிற சம்சாரம்

ஐம்பத்தஞ்சாம் வருஷம், மஞ்சக்கல் தோட்டத்து ஸ்கூல்ல ஒரே ஒரு வாத்தியார் வேலைக்கு நாப்பத்தியோரு பேரு போய் நின்னோம். நான் ரெண்டு தடவை எண்ணினேன். ஆபீஸ் வாசல்ல மழை கொட்டுது. தாழ்வாரத்துல பாதிப் பேருக்குத்தான் எடம். மீதிப் பேரு குடையப் புடிச்சுக்கிட்டு அடுத்தவன் மூஞ்சிய மொறைச்சுக்கிட்டு நிக்கிறான். எண்ணாம வேற என்னதான் செய்யிறது?

என் பேரு சோலைமலை. வட்டவளைப் பக்கத்து ஆளு. அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு, அம்மா கொழுந்தெடுத்து என்னை எஸ்.எஸ்.சி. வரைக்கும் படிக்க வச்சாங்க. வரிசையாக் கட்டின ஒத்தை அறை வீடுங்கதான் எங்க லயம், அதுல அந்தப் பரீட்சைய பாஸ் பண்ணின மொத ஆளு நான்தான். பாஸான அன்னைக்கு லயமே கூடி வந்து என்னைப் பாத்திச்சு. அதுக்கப்புறம் நாலு வருஷமும் அதே லயம் என்னைப் பாத்திச்சு, சும்மா குந்திக்கிட்டுத் திங்கிறவனப் பாக்குற மாதிரி. சரி, மலைக்கே வேலைக்குப் போவோம்னு காலையில ஆளெடுக்கிற பெரட்டுல போய் நின்னா, படிச்ச தொரை மம்முட்டி புடிக்க வந்துட்டாருடான்னு கங்காணி சிரிக்கிறாரு.

கவர்மெண்டு ஸ்கூலுக்கு மனுப் போட்டா பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கன்னு கேட்டுத் திருப்பி அனுப்பினாங்க. எனக்கு நாடே கெடையாதுன்னு சட்டம் போட்டு வருஷம் ஏழாச்சு, பத்திரத்துக்கு நான் எந்தக் கடைக்குப் போவேன்? மிச்சம் இருந்தது தோட்டத்து ஸ்கூல் மட்டுந்தான். அது தொரை பாத்துக் குடுக்கிற வேலை. ஒரு வாத்தியார் செத்தாத்தான், இல்ல இந்தியாவுக்குக் கப்பலேறினாத்தான் எடம் காலியாகும். எந்தத் தோட்டத்து வாத்தியாருக்கு இருமல்னு காதுல விழுந்தாலும் அன்னைக்கே அந்தத் தோட்டத்துக்கு ஒரு மனு எழுதிருவேன். வெக்கங்கெட்ட பொழப்பு. ஆனா நான் மட்டும் இல்ல, அந்த நாப்பத்தியோரு பேரும் அதத்தான் செஞ்சுக்கிட்டிருந்தான்.

வேலை கெடைக்காததால எனக்குப் போனது சம்பளம் மட்டும் இல்ல. வலப்பனையில என் மாமா கந்தப்பன் இருந்தாரு, அம்மாவுக்குக் கூடப் பொறந்த அண்ணன். அவரு மக பூரணி. எனக்கு மொறைப்பொண்ணு, சின்னதுல இருந்தே எனக்குன்னு பேசி வச்சது. மாமாவ நான் கொறை சொல்ல மாட்டேன். வேலைன்னு ஒண்ணு கெடைக்கட்டும், அடுத்த முகூர்த்தத்துல தாலி கட்டுன்னு சொன்னாரு, சொன்ன சொல்லுல மூணு வருஷம் நின்னாரு. நான் போகும்போதெல்லாம் பூரணி பீலிக்கரையில தண்ணி புடிச்சுக்கிட்டே, வேலை அமைஞ்சிருச்சான்னு கேப்பா. குத்திக்காட்டிக் கேக்க மாட்டா. மழை விட்டுருச்சான்னு கேக்குற மாதிரி சாதாரணமாக் கேப்பா. இன்னும் இல்லன்னு நான் சொல்லுவேன். அவ்வளவுதான் நாங்க பேசிக்கிட்டது.

நாலாம் வருஷம் மாமா அவளை அவரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோர்ல வேலை செய்யிற சின்னராசாவுக்குக் கட்டிக் குடுத்துட்டாரு. அந்தக் கல்யாணத்தன்னைக்கு நான் ஹட்டன்ல ஒரு இன்டர்வியூவுல நின்னுக்கிட்டிருந்தேன். அந்த வேலையும் கெடைக்கல. திரும்பி வரும்போது ரயில்ல எடம் இருந்திச்சு, எனக்கு உக்காரத் தோணல. வட்டவளை வரைக்கும் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே வந்தேன்.

அதுக்கு அடுத்த வருஷந்தான் இந்த மஞ்சக்கல் இன்டர்வியூ. நோர்வூட்டுல எறங்கி ரெண்டு மைல் மேல ஏறணும். ஒவ்வொருத்தனா ஆபீசுக்குள்ள போனான், போன வேகத்துல வெளிய வந்தான். யாழ்ப்பாணத்து ஆளு ஒருத்தர், ட்ரெயினிங் முடிச்சவர், கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருந்தாரு. அவரே ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்து குடையத் தேடினாரு. என்னங்கய்யா கேக்குறாங்கன்னு கேட்டேன். கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டாங்களாம், இல்லன்னாராம், போகச் சொல்லிட்டாங்களாம். அப்பத்தான் எனக்கு வெளங்கிச்சு. அந்தத் தோட்டத்துல வாத்தியாரச் சோடியாத்தான் எடுப்பாங்க. அவரு பாடம் நடத்தணும், அவரு சம்சாரம் பொம்பளப் புள்ளைகளுக்குத் தையல் சொல்லித்தரணும். சம்பளம் ஒருத்தருக்கு, வேலை ரெண்டு பேருக்கு. இன்ஸ்பெக்டர் வரும்போது புள்ளைங்க தைச்ச மூஞ்சி தொடைக்கிற லேஞ்சியெல்லாம் மேசையில விரிச்சு வைக்கிறது தொரைசாணிக்கு ஒரு பெருமை.

என் முறை வந்திச்சு. தொரை தலையே நிமித்தல. கல்யாணம் ஆயிருச்சான்னு பெரிய கிளாக்கர் கேட்டாரு. ஆயிருச்சுங்கன்னேன். சம்சாரம் பேரு என்னன்னு கேட்டு பேனாவத் தூக்கி வச்சுக்கிட்டுக் காத்திருந்தாரு. லெட்சுமின்னு சொல்லியிருக்கலாம், மீனாட்சின்னு சொல்லியிருக்கலாம், உலகத்துல பேருக்கா பஞ்சம்? எனக்கு வேற பேரே வாயில வரல. பூரணின்னு சொன்னேன். நல்லாத் தைப்பாங்களான்னாரு. ரொம்ப நல்லாத் தைப்பாங்கன்னேன். அவ தைச்சதெல்லாம் மலைக்குப் போகும்போது இடுப்புல கட்டுற படங்குச் சாக்கு, அதுவும் கோணி ஊசியால. அவ இன்னொருத்தன் பொண்டாட்டிங்கிற நெனப்பு எனக்கு வந்தது, வேலை ஒனக்குத்தான்னு சொன்னதுக்கப்புறம், வெளிய வந்து குடைய விரிச்சப்பத்தான்.

ஒரு வருஷம் பாத்துட்டுத்தான் நிரந்தரமாக்குவோம்னாங்க. சம்சாரத்தச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்கன்னும் சொன்னாங்க. மாமியாருக்கு மேலுக்கு முடியல, தேறினதும் வந்துருவாங்கன்னேன். ஒரு பொய்ய நட்டாச்சு, இனி அதுக்குத் தண்ணி ஊத்தாம முடியுமா?

ஸ்கூலுக்குப் பின்னால ரெண்டு அறை வீடு குடுத்தாங்க. ஆகா, லயத்து ஒத்தைக் காம்பிராவுல பொறந்தவனுக்கு ரெண்டு அறைன்னு மொத நாள் இங்கயும் அங்கயும் நடந்து பாத்தேன். ரெண்டாம் நாள் நடக்க ஒண்ணும் இல்ல. பெரிய கிளாக்கர், மலை வேலையப் பாக்குற கண்டாக்கு, ஸ்டோர் டீமேக்கர் எல்லாம் சாயங்காலம் கிளப்புல கூடுவாங்க. நான் லயத்துல பொறந்தவன்னு அவங்களுக்குத் தெரியும், அதனால கூப்புட மாட்டாங்க. லயத்துக்கு எறங்கிப் போனா வாங்க மாஸ்டர்னு சாக்க விரிச்சு உக்கார வச்சுட்டு, அவங்க அத்தனை பேரும் நிப்பாங்க. உக்காருங்கன்னா இருக்கட்டுங்கன்னு சிரிப்பாங்க. நான் எந்திரிச்சு வந்த பின்னாலதான் அங்க பேச்சுச் சத்தம் கேக்கும். நாலு வருஷம் நாயா அலைஞ்சு வாங்கின வேலை, பேசுறதுக்கு ஒரு மனுசன் இல்லாம போச்சு.

மனுசன்னு ஒருத்தங்க வந்தாங்கன்னா அது ராசம்மாக்கா. அம்பது வயசு இருக்கும், கொழுந்தெடுக்கிறவங்க, புருஷன் இல்ல, ஒரே மகளையும் வட்டக்கொடைப் பக்கம் கட்டிக் குடுத்துட்டாங்க. வாய் ரொம்ப நீளம். மொத வாரமே ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டாந்து வாசல்ல வச்சுட்டு, சம்சாரம் வர்ற வரைக்கும் ஆம்பளை அடுப்ப ஊதிக்கிட்டு நிக்க வேணாம், புள்ளைகளுக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுத்தாப் போதும்னாங்க. தெனம் சாயங்காலம் மலையில இருந்து வந்து குளிச்சுட்டு வருவாங்க. கதவு நெலையில சாஞ்சு நின்னுக்கிட்டு என் சம்சாரத்தப் பத்தி வெசாரிப்பாங்க. செவப்பா, மாநெறமா? உசரமா? கோவக்காரியா? சிரிச்சா எப்படி?

அதுக்கெல்லாம் நான் பொய்யே சொல்லல. மாநெறம்னேன். என் தோளுக்கு வருவான்னேன். கோவம் வராது, வந்தா ரெண்டு நாளைக்குப் பேச மாட்டா. சிரிக்கும்போது வாய கையால மூடிக்குவா, முன்பல்லு ஒண்ணு லேசாக் கோணல். பாட்டுன்னா உசிரு, ஆனா ஆளு பக்கத்துல வந்தா நிறுத்திருவா. என் வாழ்நாள்ல பூரணியப் பத்தி நான் அவ்வளவு பேசினது அந்த வருஷந்தான். ராசம்மாக்கா போனதுக்கப்புறம் அந்த வீட்டுல அவ இருக்கிற மாதிரியே இருக்கும். ரெண்டு அறையில ஒண்ணு அவளோடதுன்னு விட்டு வச்சிருந்தேன், அதுல ஒரு சாமானும் வைக்கல. பைத்தியக்காரத்தனந்தான். சந்தோசமாவும் இருந்திச்சு, அதையும் சொல்லிருறேன்.

வேற எவளையாவது கட்டிக் கூட்டிட்டு வந்து இவதான் பூரணின்னு சொல்ல வேண்டியதுதானேன்னு நீங்க கேப்பீங்க. அம்மாவும் பொண்ணு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. எந்தப் பொண்ணுகிட்டப் போய், ஒன் பேர இன்னைக்கோட மறந்துரு, என் மாமன் மக பேருல வாழுன்னு சொல்றது? சொன்னா சாணியக் கரைச்சு ஊத்துவா. அதவிட, எனக்கே மனசு இல்ல.

தையலுக்கு என்ன செய்யிறதுன்னு பாத்தேன். நோர்வூட் கடைத்தெருவுல சரிபுதீன்னு ஒரு டெய்லர் இருந்தாரு. சனிக்கெழமை சனிக்கெழமை அவரு கடையில போய்க் குந்தி, ஓரம் மடிக்கிறது, சங்கிலித் தையல், பூத்தையல் எல்லாம் கத்துக்கிட்டேன். வாத்தியாருக்கு எதுக்குங்க இதுன்னு கேட்டாரு. பொழுது போகலைன்னேன். ஒரு மாதிரியாப் பாத்தாரு, ஆனா கத்துக் குடுத்தாரு. வீட்டுல உக்காந்து லேஞ்சி தைச்சு, வலப்பனையில இருந்து ஒங்க தையல் டீச்சர் இத மாதிரிக்கு அனுப்பியிருக்காங்கன்னு புள்ளைகளுக்குக் காட்டுவேன். அதுங்க அதப் பாத்துத் தைக்கும். ராசம்மாக்கா ஒரு நாள் அந்த லேஞ்சியத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, கை சுத்தமான பொண்ணு, மாஸ்டர் குடுத்து வச்சவருன்னாங்க. என் வெரல்ல ஊசி குத்தின காயம் இருந்திச்சு. கைய மடக்கிக்கிட்டேன்.

ஆறு மாசம் இப்படி ஓடிச்சு. மாமியார் நோவ அதுக்கு மேல இழுக்க முடியல. அந்த நேரம் நான் வட்டவளைக்குப் போனப்ப, பூரணி முழுகாம இருக்கிறதா அம்மா சொன்னாங்க. சோத்த அப்படியே வச்சுட்டு எந்திரிச்சேன். ஆனா மலை ஏறித் தோட்டத்துக்கு வர்றதுக்குள்ள என் புத்தி வேற கணக்குப் போட்டிருச்சு. வந்ததும் ராசம்மாக்காகிட்ட, சம்சாரம் முழுகாம இருக்கு, தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான்னு சொல்லிட்டாங்கன்னேன். அன்னைக்கு லயத்துல பாயாசம் வச்சாங்க. ஆம்பளைங்க வந்து கையக் குலுக்கினாங்க. இன்னொருத்தன் புள்ளைக்கு நான் பாயாசம் குடிச்சேன்.

பெரிய கிளாக்கர் மட்டும் மசியல. வருஷம் முடியப் போகுது, தொரைசாணி கேட்டுக்கிட்டே இருக்காங்க, வருஷக் கடைசிக்குள்ள டீச்சர் வந்து நிக்கலைன்னா லிஸ்டுல மிச்சம் நாப்பது பேரு இருக்காங்கன்னு சொல்லிட்டாரு. அந்த நாப்பது பேரும் எனக்கு மனப்பாடம். மூணு மாசம் இருந்திச்சு. என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியல.

ஒரு நாள் பின்னேரம், ஸ்கூல் விடுற நேரம், பெரிய கிளாக்கர் வாசல்ல வந்து நின்னாரு. அவரு அதுவரைக்கும் ஸ்கூல் பக்கம் காலடி வச்சதில்ல. தொப்பியக் கழட்டிக் கையில வச்சிருந்தாரு. புள்ளைகள வீட்டுக்கு அனுப்பச் சொன்னாரு. அப்புறம் ஒரு தந்தியக் குடுத்தாரு. தோட்டத்துக்கு வர்ற தந்தியெல்லாம் ஆபீசுலதான் பிரிப்பாங்க. அதுல நாலு சொல்லுதான். பூரணி இறந்துவிட்டாள். வரவும். கந்தப்பன்.

மாமா மொறைக்குத் தந்தி அடிச்சிருக்காரு. அத்தை மகன் இல்லையா நான். ஆனா தந்தியப் படிச்சவங்களுக்கு அது மாமனார் மருமகனுக்கு அடிச்ச தந்தி. நான் ஸ்கூல் படியில உக்காந்தேன். அரை மணி நேரத்துல லயமே மேல ஏறி வந்திருச்சு. கூடையக்கூட எறக்காம வந்தாங்க பொம்பளைங்க.

இப்ப நான் சொல்லப் போறத யார்கிட்டயும் சொன்னதில்ல. மாஸ்டரோட யாரு போறதுன்னு அவங்க பேசிக்கிறது என் காதுல விழுந்தப்ப, எனக்கு மொதல்ல வந்தது துக்கம் இல்ல, பயம். கூட ஆளு வந்தா விசயம் வெளிய வந்துருமே, வேலை போயிருமேங்கிற பயம். பூரணி செத்துப் போயிட்டா, நான் வேலைய நெனச்சேன். அதுக்காக என்னை என்னால மன்னிக்கவே முடியல.

தனியாப் போயிருறேன், பரவால்லைன்னு சொல்லிப் பாத்தேன். சாவு வீட்டுக்குத் தனியாப் போறதா, அப்படி விட்டா தோட்டத்துக்கே அசிங்கம்னாங்க. கொழுந்து குமிஞ்சு கெடக்கிற நேரம், ஒரு ஆளத்தான் அனுப்ப முடியும்னு கங்காணி சொல்லிட்டாரு. பொம்பளச் சாவுக்கு மாரடிச்சு அழ ஒரு பொம்பளதான் போகணும்னு ராசம்மாக்காவ முடிவு பண்ணினாங்க. லயத்துல எல்லாருமாச் சேந்து கோடி போட ஒரு புதுச்சேலை வாங்கிட்டாங்க, புருஷன் வீட்டுச் சீரு கொறையக் கூடாதுன்னு. விடியறதுக்குள்ள தனியாக் கெளம்பிரலாம்னு பாத்தேன். துக்கக்காரன ஒத்தையில விடக் கூடாதுன்னு ராசம்மாக்கா என் வாசல்லயே படுத்துக்கிட்டாங்க. அன்பாலயே மனுசனக் கட்டிப் போடுறதுன்னா அதான்.

காலையில தேயிலை லாரியில ஹட்டன் வந்தோம். ஹட்டன்ல வச்சு உண்மையச் சொல்லிருவோம்னு நெனச்சேன். பஸ்ஸு வந்திருச்சு. நுவரெலியாவுல சொல்லுவோம்னு நெனச்சேன். ராசம்மாக்கா என் பக்கத்துல உக்காந்து, சேலைப் பொட்டணத்த மடியில வச்சுக்கிட்டு, புள்ள பொழைச்சிருக்கணும் சாமி, அவரு மொகத்தப் பாக்க அதுவாவது வேணும்னு முணுமுணுத்துக்கிட்டே வந்தாங்க. எப்படிச் சொல்ல? ராகலையத் தாண்டி வலப்பனை ரோட்டுல பஸ்ஸு எறங்க ஆரம்பிச்சிருச்சு, என் வாய் தொறக்கவே இல்ல.

மாமா தோட்டத்து லயத்துக்கு நாங்க போறப்பவே தப்படிக்கிற சத்தம் கேட்டிச்சு. வாசல்ல பந்தல் போட்டு அவளக் கெடத்தியிருந்தாங்க. அம்மா காய்ச்சல்ல கெடந்ததால வரல. நான் கிட்டப் போனேன். பிரசவத்துல ரெத்தம் நிக்கலையாம். மொகம் வெளுத்து, சின்னப் புள்ள மாதிரி இருந்தா. புள்ள உசுரோட இருந்திச்சு, காம்பிராவுக்குள்ள அது அழுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்திச்சு. அவளத் தொட நான் கைய நீட்டல, நீட்ட எனக்கு உரிமை இல்ல. அவ தலைமாட்டுல சின்னராசா உக்காந்திருந்தான். அவன் அழுது அழுது கண்ணு வீங்கிப் போயிருந்திச்சு.

ராசம்மாக்கா எனக்குப் பின்னால நின்னாங்க. யாரோ ஒரு பெரியவரு, புருஷன்காரன் எந்திரிச்சு வாப்பா, நேரமாச்சுன்னு கூப்பிட்டாரு. சின்னராசா எந்திரிச்சான். ராசம்மாக்கா அவனப் பாத்தாங்க, அப்புறம் என்னைப் பாத்தாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அந்த நேரம் பாத்து மாமா ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு.

"ஒனக்கு வேலை கெடச்சிருச்சாமேடா மாப்ள. இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருந்தா ஒனக்கே குடுத்திருப்பேனேடா."

ராசம்மாக்காவுக்கு அதுக்கு மேல ஒண்ணும் கேக்க வேண்டியிருக்கல. கோடி போடுற நேரம் வந்திச்சு. பொட்டணத்தப் பாத்துட்டு ஒரு பொம்பளை, நீங்க யாரு பக்கம்னு அவங்கள வெசாரிச்சா. ராசம்மாக்கா அந்தச் சேலையப் பிரிச்சாங்க. அத்தை மகன் வீட்டுக் கோடின்னு சொல்லி பூரணி மேல போத்தினாங்க. அப்புறம் பொம்பளைங்க வட்டத்துல உக்காந்து, முன்ன பின்ன பாத்திராத பொண்ணுக்காக, அவ மாநெறத்தையும் சிரிப்பையும் கோணப் பல்லையும் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வச்சாங்க. அங்க இருந்த பொம்பளைங்க இவ யாரு, நம்ம புள்ளைய இப்படித் தெரிஞ்சு வச்சிருக்காளேன்னு திகைச்சுப் போனாங்க. நான் அழல. அத்தை மகன் அளவுக்கு மீறி அழுதா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. செத்தவளுக்கு அந்தக் கெட்ட பேரு வேணாம்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

அடக்கம் முடிஞ்சப்ப கடைசி பஸ்ஸு போயிருச்சு. மறுநாள் காலையில பொறப்பட்டோம். நுவரெலியாவுல பஸ்ஸு மாறினோம். ஹட்டன் பஸ்ஸுல ஏறி உக்காந்து, ரொம்ப தூரம் போனதுக்கப்புறம் ராசம்மாக்கா சன்னலப் பாத்துக்கிட்டே பேசினாங்க. அதுவரைக்கும் என்னை மாஸ்டர், வாங்க போங்கன்னுதான் கூப்பிட்டவங்க.

"ஒன் வேலை போகாது. நான் வாயத் தொறக்க மாட்டேன். எங்க புள்ளைகளுக்கு வாத்தியாரு வேணும், நீ நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிற."

நான் அக்கான்னு ஆரம்பிச்சேன். கைய ஒசத்தி நிறுத்திட்டாங்க.

"அழணும்னா இந்த பஸ்ஸுக்குள்ளயே அழுதுக்க. தோட்டத்துல போய் அழாத. அங்க எங்க பொம்பளைங்க நெசமாவே அழுதுக்கிட்டிருக்காளுக. அதுல ஒன் பொய்யக் கொண்டாந்து கலக்காத."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்திச்சு. எது பொய்? அவ பேரு பொய்யா? நான் நெனச்சது பொய்யா? கேக்கணும்னு இருந்திச்சு, ஆனா நாலு பக்கமும் ஆளு, நடுவுல ஒருத்தன் கோழிக் கூடையோட நிக்கிறான். எனக்கு அழுகையெல்லாம் வரலைன்னு வெறைப்பாச் சொல்லிட்டேன். ராசம்மாக்கா திரும்பிப் பாத்தாங்க. இவன் என்ன சென்மம்னு பாக்குற பார்வை. அப்புறம் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. நான் அப்பவாவது அழுது தொலைச்சிருக்கலாம்.

ஸ்கூல் வாசல்ல தோட்டமே கூடி நின்னுச்சு. எங்களக் கண்டதும் பொம்பளைங்க ஓடி வந்து ராசம்மாக்காவக் கட்டிக்கிட்டு அழுதாங்க. தையல் கத்துக்கிட்ட புள்ளைங்க ஒரு பக்கமா நின்னு, பாத்தே இராத டீச்சருக்காகத் தேம்பிக்கிட்டிருந்திச்சுங்க. ராசம்மாக்கா படியில உக்காந்து, நல்லபடியா அடக்கம் பண்ணிட்டோம், கோடியெல்லாம் கொறை இல்லாமப் போட்டோம்னு சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. அது எல்லாமே நெசம்.

பெரிய கிளாக்கர் கூட்டத்த விலக்கிக்கிட்டு வந்தாரு. என் தோள்ல கைய வச்சாரு. தொரைகிட்டப் பேசிட்டேன், ஒங்கள நிரந்தரமாக்கச் சொல்லிட்டாரு, தையலுக்கு இனிமே ஆளு கேக்க மாட்டோம், இருக்கிற காலம் வரைக்கும் இந்த வேலை ஒங்களுக்குத்தான், மனசத் தேத்திக்கங்க மாஸ்டர்னாரு.

அஞ்சு வருஷமா நான் கேக்கக் காத்திருந்த வார்த்தை அது. பூரணி செத்தது அந்த நிமிசந்தான் எனக்கு ஒறைச்சுது. நின்ன எடத்துலயே உக்காந்து, தலையில அடிச்சுக்கிட்டு, ஊளையிட்டு அழுதேன். நிறுத்தணும்னு பாத்தேன், முடியல. அது நடிப்பு இல்ல, எங்க அம்மா மேல சத்தியமா நடிப்பு இல்ல. பொம்பளைங்க என்னைச் சுத்தி உக்காந்து கூடச் சேந்து அழுதாங்க. கண்டாக்கும் டீமேக்கரும்கூடக் கண்ணத் தொடச்சாங்க. அந்தத் தோட்டத்துல அத்தனை பேரும் என்னை நம்பினாங்க.

படியில உக்காந்திருந்த ராசம்மாக்கா மட்டும் அழாம என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் அவங்களத்தான் பாத்தேன், வேற யாரப் பாக்கிறது. முந்தானைய ஒதறி இடுப்புல சொருகிக்கிட்டு எந்திரிச்சாங்க. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம, கூட்டத்த விட்டு வெளிய வந்து, லயத்தப் பாத்து எறங்கிப் போயிட்டாங்க.